மலைப்பாட்டு பெட்டிக்குள் வந்த கதை

சேர்வராயன் மலையில் வாழும் மலையாளிகளுக்கு ஒரு பூர்விகக் கதை உண்டு. இவர்கள் கேரளத்துக்காரர்கள் அல்லர். தமிழ் பேசும் மலைக்குடிகள். தமிழ்நாட்டுப் பழங்குடிகளில் எண்ணிக்கையில் பெரிய சமூகம். தங்கள் முன்னோர் காஞ்சிபுரத்தில் ஏர் பிடித்து வாழ்ந்தவர்கள் என்றும், காலம் கெட்டபோது ஊரைத் துறந்து மலை தேடி வந்தவர்கள் என்றும் சொல்லிக்கொள்கிறார்கள். அண்ணன் தம்பி மூவரில் பெரியண்ணன் சேர்வராயன் மலையில் தங்கினான், நடுவண்ணன் கொல்லிமலைக்குப் போனான், சின்னண்ணன் பச்சைமலையில் குடியேறினான் என்பது அந்தக் கதையின் சாரம். 1883-இல் லெ பனு என்ற வெள்ளைக்கார அதிகாரி தொகுத்த சேலம் மாவட்டக் கையேட்டில் இது அச்சேறியது. 1909-இல் எட்கர் தர்ஸ்டன் வெளியிட்ட ‘தென்னிந்தியக் குலங்களும் குடிகளும்’ தொகுதிகளிலும் இடம்பிடித்தது.

கதை காகிதத்தில் ஏறியது. சொன்னவரின் குரல் ஏறவில்லை. இத்தனைக்கும் குரலைப் பிடித்து வைக்கும் ஃபோனோகிராஃப் எந்திரத்தை எடிசன் 1877-லேயே செய்துவிட்டார். லெ பனு பேனாவைத் தொட்ட நேரத்தில் அதற்கு ஆறு வயது. அந்த எந்திரம் தமிழகத்து மலைகளுக்கு எப்படி வந்தது, யார் கொண்டுவந்தார்கள், பிடித்த பாட்டை எங்கே கொண்டுபோனார்கள் என்பதுதான் இங்கே நாம் பார்க்கப்போகும் கதை.

மெழுகில் விழுந்த முதல் பாட்டு

பாட்டுக்காரர் இருக்கும் இடத்துக்கே எந்திரத்தைத் தூக்கிக்கொண்டு போய்ப் பதிவு செய்யும் வழக்கம் 1890-இல் அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்தில் தொடங்கியது. அங்கே ஜெஸ்ஸி வால்டர் ஃபியூக்ஸ் என்ற ஆய்வாளர் பாசமகுவாடி பழங்குடிகளின் பாட்டையும் பேச்சையும் மெழுகுருளையில் ஏற்றினார். 1898-இல் கார்ல் லும்ஹோல்ட்ஸ் மெக்சிகோவின் மலைகளில் உவிச்சோல் மக்களின் பாடல்களைப் பதிவு செய்தார். பிற்பாடு 1940-களில் ஹென்ரியட்டா யுர்ச்செங்கோ என்ற பெண்மணி, பாதையே இல்லாத அந்த மெக்சிகோ மலைகளுக்குப் பதிவுக் கருவிகளைக் கோவேறு கழுதைகளின் முதுகில் ஏற்றிக்கொண்டு போனார். மலைக்கு எந்திரம் ஏறுவது எந்த நாட்டிலும் சுலபமாக நடந்த காரியமில்லை.

நம் பக்கம் முதலில் பதிவானது நீலகிரி. கேம்பிரிட்ஜிலிருந்து டபிள்யூ. எச். ஆர். ரிவர்ஸ் என்ற மருத்துவர் 1901 கடைசியில் அங்குள்ள தோடர் பழங்குடிகளிடம் வந்தார். அதற்கு மூன்று ஆண்டுகளுக்கு முன் டாரஸ் நீரிணைத் தீவுகளுக்குச் சென்ற ஆய்வுக் குழுவில் இருந்தவர் அவர். ஃபோனோகிராஃப் எப்படி வேலை செய்கிறது என்பதை அங்கேயே பார்த்திருந்தார். மந்து எனப்படும் தோடர் குடியிருப்புகளில் அவர் பதிவு செய்த மெழுகுருளைகள் இன்று லண்டனில் பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கின்றன. தமிழகத்து மண்ணில் நடந்த இத்தகைய பதிவுகளில் மிகப் பழையவற்றுள் இவை சேரும்.

அந்த எந்திரத்துக்கு மின்சாரம் தேவையில்லை. சாவி கொடுத்தால் சுருள்வில்லின் விசையில் உருளை சுற்றும். பாடுகிறவர் கொம்பின் வாய்க்கு நேராக, கிட்டத்தட்ட முகத்தை அதற்குள் விட்ட மாதிரி நிற்க வேண்டும். கொம்பின் அடியில் இருக்கும் மெல்லிய தகடு குரலுக்கு அதிரும். தகட்டோடு இணைந்த ஊசி, சுற்றும் மெழுகில் அந்த அதிர்வைப் பள்ளமாகக் கீறிக்கொண்டே போகும். தள்ளி நின்றால் பதியாது, கத்தினால் பிசிறும். இரண்டு மூன்று நிமிடத்தில் உருளை தீர்ந்துவிடும். பாட்டு பாதியில் இருந்தாலும் அவ்வளவுதான். பதிந்ததைப் போட்டுக் கேட்டால் ஊசி அதே பள்ளத்தை மறுபடியும் தேய்க்கும். ஆசைக்குப் பத்து முறை கேட்டால் பாட்டே தேய்ந்து போகும்.

தோடர் பாட்டு அந்த இரண்டு நிமிடத்துக்குள் அடங்குகிற சரக்கல்ல. எருமை, மந்து, இறந்தவர், அன்றைக்கு நடந்த சம்பவம் என எதையும் பாட்டாக்கிவிடுகிறவர்கள் அவர்கள். சொற்றொடர்கள் இணை இணையாக வரும். ஒன்றைச் சொன்னால் அதன் ஜோடியையும் சொல்லியாக வேண்டும். முப்பது ஆண்டுகளுக்குப் பிறகு அங்கே வந்த மொழியியலாளர் எமனோ, பாட்டுகளைச் சொல்லச் சொல்லிக் கையால் எழுதி எடுத்தார். 1971-இல் அவை தனிப் புத்தகமாக வந்தன. தடித்த புத்தகம். ரிவர்ஸின் உருளைகளில் கிடைப்பதோ பாட்டின் ஒரு கீற்று. ஆனால் எமனோவின் புத்தகத்தைப் புரட்டினால் குரல் கேட்காது, உருளையில் கேட்கும்.

ரிவர்ஸ் தன் புத்தகத்தில் இன்னொன்றையும் மறைக்காமல் எழுதியிருக்கிறார். சடங்கு ரகசியங்களை அவருக்குச் சொன்னவர்களுக்கும் காட்டியவர்களுக்கும் அடுத்தடுத்துக் கஷ்டம் வந்தது. ஒருவரின் மனைவி இறந்தார். ஒருவர் நோயில் விழுந்தார். இன்னொருவரின் மந்தில், தோடர்கள் கோயிலாகவே மதிக்கும் பால்மனை எரிந்தது. சொல்லக்கூடாததை வெளியாளிடம் சொன்னதால் வந்த வினை என்று தோடர்கள் நினைத்தார்கள். அதன்பின் வாய் திறக்கத் தயங்கினார்கள். அதை நாம் நம்புகிறோமா இல்லையா என்பது வேறு விஷயம். வெளியாள் கேட்டான் என்பதற்காக எல்லாவற்றையும் கொடுத்துவிட முடியாது என்ற எச்சரிக்கை, பதிவு என்ற காரியத்தோடு சேர்ந்தே இங்கே பிறந்துவிட்டது.

எந்திரத்தோடு வருகிறவர்மீது மலைக்காரர்களுக்கு இருந்த பயத்தைத் தர்ஸ்டனும் எழுதியிருக்கிறார். சென்னை அருங்காட்சியகத்தின் தலைவரான அவர், ஆட்களை அளக்கும் கருவிகளோடு வயநாட்டுக்குப் போனபோது பணியர் பெண்கள் அலறி ஓடினார்களாம். தங்களில் நல்ல ஆட்களாகப் பார்த்துப் பிடித்து, பாடம் செய்து, அருங்காட்சியகத்தில் நிறுத்திவிடுவார் என்று பயம். கேட்டால் சிரிப்பு வரும். யோசித்தால் அந்தப் பெண்களின் பயம் முழுப் பொய்யும் இல்லை.

சந்தைக்குப் போன குரல், அலமாரிக்குப் போன குரல்

ரிவர்ஸ் நீலகிரியில் இருந்த அதே 1902-இல், கிராமபோன் கம்பெனியின் ஃப்ரெட் கெய்ஸ்பெர்க் கல்கத்தாவில் வந்திறங்கி கௌஹர் ஜானைப் பாடவைத்தார். பாட்டு முடிந்ததும் பாடகி தன் பெயரை உரக்கச் சொல்ல வேண்டும்; ஜெர்மனியின் ஹனோவரில் இசைத்தட்டு அடிக்கிறவர்கள் எந்தத் தட்டு யாருடையது என்று தெரிந்துகொள்ள அது உதவியது. சில ஆண்டுகளில் கம்பெனிக்காரர்கள் தெற்கேயும் வந்தார்கள். அப்போது தட்டில் ஏறிய முதல் தலைமுறைப் பாடகியரில் சேலம் கோதாவரியும் ஒருவர். சேர்வராயன் மலைமேல் உள்ள ஏற்காட்டுக்கு அடிவாரமான சேலம் அந்த விதத்தில் தென்னிந்திய இசைத்தட்டு வரலாற்றின் முதல் அத்தியாயத்திலேயே பெயர் பதித்துவிட்டது. ஒரு பக்கத்துக்குச் சுமார் மூன்று நிமிடம் என்ற கணக்குக்கு வித்துவான்களும் தங்கள் ராகத்தைச் சுருக்கிக்கொண்டார்கள்.

மலைப்பாட்டை வாங்கச் சந்தை இல்லை. அதற்குக் கிடைத்தது அரசாங்க அலமாரி. கிரியர்சன் நடத்திய இந்திய மொழிகள் கணக்கெடுப்பின் தொடர்ச்சியாக, ஒவ்வொரு மாகாணத்திலும் பேசப்படும் மொழிகளைக் கிராமபோன் தட்டில் ஏற்றும் வேலை நடந்தது. பைபிளில் வரும் ஊதாரி மகன் கதையை அந்தந்த மொழியில் சொல்லச் சொல்லிப் பதிவு செய்தார்கள். சென்னை மாகாணத் தட்டுகளில் உள்ளவற்றின் எழுத்து வடிவத்தைச் சென்னை அருங்காட்சியகம் 1927-இல் புத்தகமாகப் போட்டது. இன்று அந்தத் தட்டுகளின் ஒலியைச் சிகாகோ பல்கலைக்கழகத்தின் தெற்காசிய மின்னூலகத்தில் யாரும் கேட்கலாம். கேட்கும்போது ஒன்று உறைக்கும்: குரல் நம் ஊருடையது, கதை பாதிரியாருடையது. என்ன பாட வேண்டும், எதைச் சொல்ல வேண்டும் என்பதைப் பதிவு செய்கிறவர்தான் முடிவு செய்தார்.

எந்திரம் இல்லாமல் காதையும் பேனாவையும் நம்பியவர்களும் இருந்தார்கள். பெர்சி மக்குவீன் என்ற ஐ.சி.எஸ். அதிகாரி திரட்டிய நாட்டுப் பாடல்களை கி.வா. ஜகந்நாதன் பதிப்பிக்க, தஞ்சை சரஸ்வதி மகால் நூலகம் 1958-இல் ‘மலையருவி’ என்று வெளியிட்டது. 1964-இல் நா. வானமாமலையின் ‘தமிழர் நாட்டுப் பாடல்கள்’ வந்தது. இரண்டும் பெரிய சாதனைகள். ஆனால் அச்சிட்ட நாட்டுப்பாட்டை உரக்கப் படிக்கும்போது மெட்டை நாமாகத்தான் போட்டுக்கொள்ள வேண்டும்.

அடிவாரத்துச் சேலத்தில் வேறொரு காட்சி. 1935-இல் டி.ஆர். சுந்தரம் தொடங்கிய மாடர்ன் தியேட்டர்ஸ், ஏற்காடு சாலையில் தனக்கென ஒலிப்பதிவுக் கூடமே வைத்திருந்தது. நூற்றுக்கும் மேற்பட்ட படங்கள் அங்கே உருவாயின. அந்த நிறுவனத்தின் அலங்கார வளைவு இன்றும் மலைக்குப் போகும் பேருந்திலிருந்து தெரியும். அங்கே பதிவான சினிமாப் பாட்டு குழாய் ஒலிபெருக்கியில் ஏறி எல்லா ஊர்த் திருவிழாக்களுக்கும் போனது. நல்ல மைக்கும் தேர்ந்த கைகளும் ஒரு மலையின் காலடியிலேயே இருந்தும், அவை மேலே ஏறவில்லை; பாட்டுதான் கீழிருந்து மேலே போனது.

ஓலப்பாளையத்து இரவுகள்

மலைப்பாட்டானாலும் மேடுபள்ளமில்லாத சமவெளியின் பாட்டானாலும், முழுசாகப் பிடிக்க ஒலிநாடா வர வேண்டியிருந்தது. அது நடந்ததும் கொங்கு நாட்டில்தான். சேலத்துக்குத் தென்மேற்கே, காங்கேயத்தை அடுத்த ஓலப்பாளையத்தில்.

ஆக்ஸ்ஃபோர்டில் ஆய்வு மாணவியாக இருந்த கனடாக்காரர் பிரெண்டா பெக் 1964-இல் அந்த ஊருக்கு வந்து குடியிருந்தார். வந்தது சாதி, உறவுமுறை, கோயில் முறை பற்றி எழுத. அந்த ஆய்வு 1972-இல் ‘கொங்கு நாட்டு வேளாண் சமூகம்’ பற்றிய நூலாகவும் வந்தது. ஆனால் ஊரில் அவர் காதில் விழுந்தது அண்ணன்மார் கதை. பொன்னர், சங்கர், அவர்கள் தங்கை தங்காள் கதை. இரவு இரவாகப் பாடப்படுவது. 1965-இல் ஈ.சி. ராமசாமி என்ற பாடகர் ஊரார் கூடியிருக்க அதைப் பாட, பெக் டேப் ரெக்கார்டரில் பதிவு செய்தார்.

இந்தப் பாட்டு எப்படி நடக்கும் என்று கேட்டவர்களுக்குத் தெரியும். பெரிய பாடகர் கையில் உடுக்கை. பக்கத்தில் பின்பாட்டுக்காரர். பாடகர் வசனமாகக் கதையை ஓட்டிக்கொண்டே வருவார். பின்பாட்டுக்காரர் “ஆமா” போடுவார், கடைசிச் சொல்லைத் திருப்பிச் சொல்வார், சில சமயம் கூட்டத்தின் சார்பில் கேள்வியும் கேட்பார். உணர்ச்சி ஏறும் இடத்தில் வசனம் பாட்டாகும், உடுக்கை வேகம் பிடிக்கும். கொம்பன் என்ற காட்டுப்பன்றி வயலை உழக்கும் கட்டமும், பொன்னாச்சி என்ற குட்டி நாய் அதை மடக்கும் கட்டமும் வந்தால் பிள்ளைகள் தூங்காது. படுகளம் வந்தால் பெரியவர்களே நிலைகொள்ளமாட்டார்கள். அண்ணன்மார் உயிர் விடும் இடத்தில் சாமி வந்து விழுகிறவர்கள் உண்டு. தங்காள் வந்து தண்ணீர் தெளித்து எழுப்பும் சடங்கு வீரப்பூர் மாசித் திருவிழாவில் இன்றும் நடக்கிறது.

இப்படிப்பட்ட ஒன்றை இரண்டு நிமிட மெழுகில் வைக்க முடியாது, மூன்று நிமிடத் தட்டிலும் முடியாது. நாடாச் சுருள் தீர்ந்தால் மாற்றிப் போடலாம். பாடகர் தண்ணீர் குடித்துவிட்டுத் தொடரலாம். “ஆமா” போட்டவரின் குரல், குழந்தையின் அழுகை, நாய்க்குரைப்பு உட்பட எல்லாம் ஏறும். எந்திரத்துக்காகப் பாட்டைச் சுருக்காமல், பாட்டுக்காக எந்திரம் காத்திருந்தது. இந்தக் கதையில் திருப்புமுனை என்று எதையாவது சொல்வதென்றால் அதைத்தான் சொல்ல வேண்டும்.

பெக் இன்னொரு காரியமும் செய்தார். அதே ராமசாமி அதே கதையைக் கூட்டமில்லாமல், உடுக்கை இல்லாமல், எழுதுகிறவருக்குச் சொல்லிக் கொடுத்த வடிவத்தையும் சேகரித்தார். பாடியதும் சொல்லி எழுதவைத்ததும் ஒன்றாக இல்லை. கேட்க ஆள் இருக்கும்போது கதை ஒரு மாதிரி நடக்கிறது, காகிதத்துக்கு என்றால் வேறு மாதிரி நடக்கிறது. 1982-இல் வந்த அவருடைய ‘மூன்று இரட்டையர்’ நூல் இந்த மாறுபாடுகளையும் வேறு பல வடிவங்களையும் வைத்து எழுதப்பட்டது. 1992-இல் சென்னை ஆசியவியல் நிறுவனம் நாடாவிலிருந்த பாடத்தை இரண்டு தொகுதிகளாக வெளியிட்டது. தமிழும் இருந்தது, ஆங்கிலமும் இருந்தது. பிறகு அந்தக் கதையைக் கேட்டு வளர்ந்த தமிழ் ஓவியர் ஒருவரின் கைவண்ணத்தில் அது 26 பாக அனிமேஷன் தொடராகவும் ஆனது. மூல ஒலி டொராண்டோ பல்கலைக்கழக நூலகத்தில் பாதுகாக்கப்படுகிறது.

ராமசாமியின் பெயர் இவை எல்லாவற்றோடும் சேர்ந்தே வருகிறது. பாடியவர் யார் என்று தெரிகிற பதிவுக்கும், ‘ஒரு கிராமத்துப் பாடகர்’ என்று போட்டுவிட்டு நகர்கிற பதிவுக்கும் உள்ள தூரம் சாதாரணமானதல்ல.

போனது திரும்பி வருமா?

பதிவானவை எங்கே இருக்கின்றன என்று மேலே சொன்னதை ஒருமுறை கூட்டிப் பாருங்கள். லண்டன், சிகாகோ, டொராண்டோ. பாடியவரின் பேரன், தாத்தாவின் குரலைக் கேட்க வேண்டுமென்றால் விமானம் ஏற வேண்டிய நிலைமைதான் நெடுநாள் இருந்தது.

இதைச் சரிசெய்யக் கிளம்பியவர் நசீர் ஜைராஸ்பாய். டச்சுக்காரரான ஆர்னால்டு பாக்கே 1938–39-இல் தென்னிந்தியாவைச் சுற்றிப் பல சமூகங்களின் இசையையும் ஆட்டத்தையும் பதிவு செய்திருந்தார். அவருடைய மாணவரான ஜைராஸ்பாய், மனைவி ஏமி கேட்லினோடு 1984-இல் அந்தப் பதிவுகளைத் தூக்கிக்கொண்டு தமிழ்நாடு, கேரளம், கர்நாடகம் என்று அலைந்தார். பதிவான இடங்களைத் தேடிப் போய், இருந்தவர்களுக்கும் வாரிசுகளுக்கும் போட்டுக் காட்டி, இன்றைக்கு என்ன மிச்சம், என்ன மாறியிருக்கிறது என்று கேட்டுக் குறித்தார்கள். அதற்கு இரண்டு ஆண்டு முன்னால், 1982-இல், அவர் முன்கை எடுத்ததில் அமெரிக்க இந்தியவியல் கழகத்தின் இசை ஆவணக் காப்பகம் இந்தியாவில் தொடங்கியிருந்தது. வெளிநாட்டு ஆய்வாளர்கள் கொண்டுபோன பதிவுகளின் பிரதியை இந்தியாவுக்கே திரும்பக் கொண்டுவந்து வைப்பது அதன் முக்கிய நோக்கம். இப்போது அது குருகிராமில் இருக்கிறது. லண்டனை விட குருகிராம் பக்கம்தான். ஏற்காட்டிலிருந்து பார்த்தால் அதுவும் தூரம்.

சட்டமும் ஒரு வழியாகப் பாடகர் பக்கம் திரும்பியது. 1994-இல் பதிப்புரிமைச் சட்டத்தைத் திருத்தி, நிகழ்த்துகிறவருக்கென்று தனி உரிமை சேர்த்தார்கள். பாடகர், ஆட்டக்காரர், மேளக்காரர் யாராக இருந்தாலும், அவர் சம்மதமில்லாமல் நிகழ்ச்சியைப் பதிவு செய்து விற்கக்கூடாது. அந்த உரிமை இப்போது 50 ஆண்டு நிற்கும். ஆனால் இது தனக்கு உண்டு என்று எத்தனை கோயில் மேளக்காரருக்குத் தெரியும்?

இன்று எந்திரப் பஞ்சம் தீர்ந்துவிட்டது. ரிவர்ஸும் யுர்ச்செங்கோவும் சுமந்து திரிந்ததைவிட நல்ல கருவி எல்லார் சட்டைப்பையிலும் இருக்கிறது. மே மாதம் சேர்வராயன் கோயில் திருவிழாவுக்கு இருபது கொண்டை ஊசி வளைவு ஏறி வருகிற கூட்டம், குகைக்குள் இருக்கும் சேர்வராயனையும் காவேரியம்மனையும் கும்பிடும்; மேளம் கேட்டால் செல்போனை நீட்டும். முப்பது நொடி எடுத்துச் சினிமாப் பாட்டை மேலே ஒட்டி நண்பர்களுக்கு அனுப்பிவிட்டு மறந்துவிடும். 1902-இன் மெழுகுருளையில்கூட இரண்டு நிமிடம் இருந்தது. நாம் அதற்கும் கீழே போய்விட்டோம். அதை எடுத்தவருக்கே ஒரு வருஷம் கழித்து, பாடியது யார், எந்த ஊர் என்று தெரியாது.

எனவே வரும் திருவிழாவுக்கு ஏற்காட்டுக்கோ, உங்கள் சொந்த ஊர்க் கோயிலுக்கோ போகிறவர்களிடம் ஒரு வேண்டுகோள். பாடுகிறவரிடம் முதலில் கேளுங்கள். வேண்டாம் என்று சொன்னால் பையில் வைத்துவிடுங்கள். சரி என்றால் பாட்டு முடியும் வரை எடுங்கள். தொடங்கும் முன் தேதி, ஊர், பாடகர் பெயர், மேளக்காரர் பெயர், என்ன சந்தர்ப்பத்துக்கான பாட்டு என்பதை உங்கள் வாயாலேயே சொல்லிப் பதிவிடுங்கள். கௌஹர் ஜான் செய்ததுதான். மலை இறங்கும் முன் ஒரு பிரதியை அவர் வீட்டுப் பிள்ளையின் போனுக்கு அனுப்பிவிடுங்கள். இன்னொரு பிரதியை, அவர் சம்மதத்தோடு, பக்கத்துக் கல்லூரித் தமிழ்த் துறையிலோ நூலகத்திலோ கொடுத்து வையுங்கள். காசு செலவில்லாத வேலை. நூற்றிருபது ஆண்டுகளாகப் பெரிய நிறுவனங்கள் தாமதித்துத் தாமதித்துச் செய்ததை நீங்கள் ஒரே நாளில் செய்துவிடலாம்.